அணைக்குக் கீழே எத்தனை பேர்

ஸ்கீப்பர்ஸ் பண்ணை, லாங்க்ளூஃப்
14 பிப்ரவரி 1995

அன்புத் தங்கை லேனாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே ஒன்பது தலையும் உடம்பின் மேல்தான் இருக்கின்றன. நான், சன்னா, பிள்ளைகள் இரண்டு. யாஃப்தா வீட்டில் நான்கு. கிரீட்டா அத்தை ஒண்டிக்கட்டை. பத்தாவது தலை ஜார்ஜ் நகரத்துப் பொறியாளர் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது, அதற்கு இனி நம் வீட்டுக் காப்பி இறங்காது என்கிறாள் உன் அண்ணி.

ஆப்பிள் பறிப்பு பாதி முடிந்தது. முதுகு முழுதாக முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அணைக்கரையின் அடியில், இடது பக்கம், முதலாளியின் அப்பா பாப்லர் மரங்களை வெட்டினாரே, வேரை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டு, அங்கே கோரை முளைத்திருக்கிறது. மலையெல்லாம் காய்ந்து ஆட்டுத்தோல் மாதிரி கிடக்கும் பிப்ரவரியில் அங்கே மட்டும் பச்சை. நம் வீட்டுக் கொல்லையிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் போதும். பதினாறு வருடமாக அந்த மதகைத் திறந்து மூடுகிறவன் நான். அங்கே பச்சையைப் பார்த்ததில்லை.

ஒரு தகரக் குழாயைச் செருகி, கீழே ஜாம் பாட்டில் ஒன்றை வைத்தேன். காலையில் நிரம்பியிருந்தது. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "நீ வேர்த்தாக்கூட அணை ஒழுகுதும்ப, ஃப்ளோரிஸ்" என்றார்.

இப்போது பிரிட்டோரியாவிலிருந்து அவருக்கு அரசாங்கக் கடிதம் வந்திருக்கிறது. தனியார் அணைகளுக்கெல்லாம் அபாய வகை குறிக்க வேண்டுமாம். உன் அலுவலகத்தைத்தான் கூப்பிடப் போகிறார். "நம்ம பண்ணையில பொறந்த பொண்ணு. இந்தப் பண்ணை உப்பத் தின்னவ. பாத்து எழுதுவா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

நானும் அதையேதான் சொல்கிறேன். பார்த்து எழுது. பெரிதாக எழுது. உயர்ந்த அபாயம் என்று நீ எழுதிவிட்டால், கரையைச் சரிசெய்யாமல் எங்கே போவார்?

உன் அண்ணன்
ஃப்ளோரிஸ்

*

ஜார்ஜ்
27 பிப்ரவரி 1995

அன்புள்ள அண்ணனுக்கு,

கோரையைப் பற்றி நீ எழுதியிருந்த பத்தியை ஐந்து முறை வாசித்தேன்.

முதலில் பாட்டில். தெளிந்த கசிவு எல்லா மண் அணையிலும் உண்டு. கலங்கி வந்தால்தான் பயம். அணை தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவருகிறது என்று பொருள். உள்ளே எலிவளை மாதிரி ஒரு வழி விழுந்திருக்கும். அன்று யாரிடமும் அனுமதி கேட்காதே. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடு.

இரண்டாவது. நீ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். எல்லோரும் அப்படித்தான். அபாய வகை கரையைப் பற்றியது அல்ல. கரை பொன்னா சாணமா என்று அந்தப் படிவம் கேட்பதே இல்லை. உடைந்தால் கீழே எத்தனை பேர் சாவார்கள், அவ்வளவுதான் கேள்வி. யாரும் இல்லை என்றால் தாழ்வு. பத்து வரை நடு. பத்துக்கு மேல் உயர்வு. வகுப்பில் முதன்முதலாக இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன். கூடச் சிரிக்க யாரும் இல்லை.

நீங்கள் ஒன்பது பேர். ஆகவே நடு. நடுவுக்கு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவர் கரைமேல் நடந்துவிட்டுப் போனால் போதும். உயர்வு என்றால்தான் மிகுந்த நீர் வழிந்துபோகும் கலிங்கை அகலப்படுத்தி, கரையைத் தோண்டிப் பார்த்து, வேரை எடுத்து அடைக்க வேண்டும். அப்படித்தான் எங்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்போம்.

நான் உண்டாக்கிய விதி அல்ல இது.

மார்ச் 9 வருகிறேன். முதலாளிக்கு முன்னால் என்னை லேனா என்று கூப்பிடாதே. அண்ணியிடமும் சொல்லிவை. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டுவருகிறேன்.

தங்கை
லேனா

*

ஸ்கீப்பர்ஸ் பண்ணை
20 மார்ச் 1995

மேடம் அவர்களுக்கு,

(நீ சொன்னபடியே கூப்பிட்டேன். சன்னா மூன்று நாளாகச் சிரிக்கிறாள்.)

நீ போனபிறகு முதலாளி காரில் ஏறாமல் வெகுநேரம் வெயிலில் நின்றார். "பதினொண்ணா? பதினொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று யாஃப்தாவைக் கேட்டார். யாஃப்தா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளைங்க பெருகுதுங்க, ஐயா. ஞாயித்துக்கிழமை மழைன்னா வேற என்ன செய்யறது" என்றான். கிரீட்டா அத்தை வாசலிலிருந்து, "எம் பக்கம் பாக்காதீங்க, எனக்கு அறுபத்தெட்டு" என்றாள்.

உனக்குத் தெரிந்திருக்கும். சன்னாவின் அக்கா மகள் ரோஸ்லின், கைக்குழந்தையோடு, பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்திருந்தாள். முந்தின நாள்தான் வந்தாள். நீ வந்து போன மறுநாள் போய்விட்டாள். நீ குழந்தையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து எழுதினாய். எழுதும்போது உன் காது சிவந்தது. ஏழு வயதில் சர்க்கரை திருடியபோதும் அப்படித்தான் சிவந்தது.

லேனா, அம்மா இறந்தபிறகு நான் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை. இனி கரையைத் தோண்டுவார்கள். உன் கையெழுத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் உன்னை இன்னும் கொஞ்சம் பயந்து வளர்த்திருப்பேன்.

பாட்டில் தெளிவு.

ஃப்ளோரிஸ்

*

ஜார்ஜ்
2 ஏப்ரல் 1995

அண்ணா,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இதையும் நீ கிழித்துவிடு.

நான் உள்ளே நுழைந்ததுமே தெரிந்தது. ஒரே ஒரு பை. கொடியில் ஒரு குழந்தைத் துணிகூட இல்லை. கைக்குழந்தை வாழும் வீடு அப்படி இருக்காது. ஒன்பது என்று எழுதப் பேனாவை வைத்தேன். பதினொன்று என்று எழுதினேன். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதைத்தான் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேலையில் என் பெயர் பதிவாகி எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு பொய் எண் போதும், பெயரை அடித்துவிடுவார்கள்.

யாரிடமும் சொல்லாதே. ரோஸ்லினையும் சொல்லவிடாதே.

லேனா

*

ஸ்கீப்பர்ஸ் பண்ணை
29 மே 1995

லேனாவுக்கு,

தோண்டினார்கள். கரையை அல்ல.

திங்கட்கிழமை முதலாளி உன் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று வீட்டாரையும் வெளியே கூப்பிட்டு நிற்கவைத்தார். "கரையத் தொட்டா ரெண்டு வருஷம் ஆப்பிள் வித்த காசு போயிரும். வீட்டத் தொட்டா ஒரு நாள் டீசல்தான். நான் சொல்லல, படிவம் சொல்லுது. கீழ யாரும் இல்லன்னா தாழ்வு. நல்லாப் படிச்ச பொண்ணு எழுதினது" என்றார்.

செவ்வாய்க்கிழமை டிராக்டர் வந்தது. ஓட்டியது யார் தெரியுமா? யாஃப்தா. அவனுக்குத்தான் ஓட்டத் தெரியும். தன் வீட்டை முதலில் இடித்தான். பிறகு இறங்கி, கிரீட்டா அத்தையின் நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அவள் வீட்டை இடித்தான். "மெதுவாப் பண்ணுடா, அந்தச் சொவத்துலதான் காலண்டர் மாட்டியிருக்கேன்" என்றாள் அத்தை.

எல்லோரையும் லாரியில் ஏற்றி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கீழே இறக்கினார்கள். ஆற்றோர மணலில் தகரக் கொட்டகைகள். முன்பே பதினைந்து பேர் இருக்கிறார்கள். சன்னாவும் பிள்ளைகளும் அங்கேதான். அதே ஆறு, லேனா. அதே அணை. ஒரு மணி நேரம் நடந்தால் நம் வீடு.

நான் மட்டும் இங்கே இருக்கிறேன். என் வீட்டுக் கூரையை மட்டும் பிரித்து எடுத்தார்கள், சுவரை விட்டுவிட்டார்கள். தார்ப்பாய் போட்டிருக்கிறேன். "மதகு தெறக்க ஆள் வேணும், படிவத்துக்கு ஆள் வேணாம். நீ இருந்துக்கோ. ஆனா இல்ல. புரியுதா?" என்றார் முதலாளி. புரிகிறது என்றேன்.

சன்னா என்னைப் பாலத்துக்கே வரச் சொல்கிறாள். பாட்டிலை யார் பார்ப்பது? கலங்கினால் அங்கே இருக்கிறவர்களிடம் ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அதற்காகத்தான் இருக்கிறேன். அவருடைய மதகுக்காக அல்ல.

ஆளை அப்புறப்படுத்தினாலும் எண் இறங்கும் என்று நீ என்னிடம் சொல்லவே இல்லையே. படித்தவள்தானே. உனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

ஃப்ளோரிஸ்

*

ஜார்ஜ்
11 ஜூன் 1995

அண்ணா,

தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நீ கேட்டிருப்பாயா?

கரையைப் பற்றியது அல்ல என்று எழுதினேன். ஒன்பது பேர் என்றால் நடு என்று எழுதினேன். நடு என்றிருந்தால் அவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மூன்று வீடும் நின்றிருக்கும். கிரீட்டா அத்தையின் காலண்டர் சுவரிலேயே இருந்திருக்கும். நீ ஆள் கடன் வாங்கினாய். கடன் வாங்கிய இரண்டு பேரும் இப்போது பத்திரமாகத் தங்கள் கூரைக்கு அடியில் தூங்குகிறார்கள். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

முதலாளி வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பெட்டி ஆப்பிளோடு. எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, மெல்லிய குரலில், ரோஸ்லின் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர் அவருடைய மைத்துனர். அதை நாம் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

"ரெண்டு பேர இல்லாத எடத்துலேர்ந்து உண்டாக்கின. இருக்கிற ஒருத்தன இல்லாம ஆக்கறதா உனக்குக் கஷ்டம்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போகும்போது, "ஆப்பிளக் கழுவித் தின்னு, மருந்தடிச்சது" என்றார்.

ஜூன் 20 மறுமதிப்பீட்டுக்கு வருகிறேன். படிவத்தின் வரைபடம் பாலத்தோடு முடிகிறது. அதற்குக் கீழே ஆறு அகன்றுவிடும், வெள்ளம் படுத்துவிடும் என்பது எங்கள் பொறியாளர் போட்ட கணக்கு. ஆகவே சன்னா என் கணக்கில் வரமாட்டாள். நீ ஒருவன்தான் வருவாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும் பாலத்துக்குப் போய்விடு. அடுப்பை அணைத்துவிடு. பாத்திரத்தைக் கண்ணில் படாமல் வை. நீ இல்லாதபோது இல்லை என்று எழுதினால் அது பொய் ஆகாது.

எனக்காக இதைச் செய். உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

லேனா

*

ஜார்ஜ்
22 ஜூன் 1995

அண்ணா,

நீ போகவில்லை.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. பக்கத்தில் பெட்டிமேல் இரண்டு காப்பி. ஒன்று அம்மாவின் நீல எனாமல் குவளையில். விளிம்பு உடைந்தது.

நான் கரைமேல் நடந்து, கலிங்கை அளந்து, படியிறங்கி வந்தேன். உன்னிடமிருந்து ஆறு எட்டுத் தள்ளி நின்றேன். "குடியிருப்பவர்கள் யாராவது?" என்று முதலாளியைக் கேட்டேன். அவர் உன்னை நேராகப் பார்த்துக்கொண்டே, "யாரும் இல்ல" என்றார். நீ எழுந்திருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். கல்லெடுத்து எறிந்திருக்கலாம். அதற்காகத்தான் அவ்வளவு மெதுவாக எழுதினேன்.

"காப்பி ஆறிடும், லேனா."

அவ்வளவுதான் சொன்னாய். மேடம் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் திரும்பவில்லை. ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். அந்தச் சிறு கட்டத்துக்குள் பூஜ்யம் அழகாக, முழு வட்டமாக வந்தது. காரில் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இனி வகை தாழ்வு. தாழ்வு என்றால் யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை.

பாட்டில் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

லேனா

*

30 ஜூலை 1995

லேனா,

பாட்டில் கேட்டாய். நேற்றுவரை தெளிவு. இன்று அடியில் இரண்டு விரல் சேறு.

முதலாளியிடம் கொண்டுபோனேன். பாட்டிலைக் கையில் வாங்கவே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து உன் படிவத்தை எடுத்துக் காட்டினார். "தாழ்வு. பாத்தியா? உன் தங்கச்சி கையெழுத்துதானே?" என்றார். உன் கையெழுத்துதான். அந்த வாலை நான்தான் உனக்குச் சுழிக்கக் கற்றுக்கொடுத்தேன், சிலேட்டில்.

கடையிலிருந்து உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். தாழ்வு வகை அணைகளுக்கு ஆள் வருவதில்லை, உரிமையாளர் எழுதிக் கேட்டால் பார்க்கலாம் என்று ஒரு பெண் சொன்னாள். மரியாதையான குரல். நீ இல்லை என்றாள். இருந்தாயோ என்னவோ.

பாலத்துக்குக் கீழே போய் எண்ணினேன். இருபத்து மூன்று. யாரையும் கடன் வாங்கவில்லை. மழை பிடித்தால் மேட்டுக் கோயிலில் போய்ப் படுங்கள் என்றேன். கோயிலைப் பூட்டிச் சாவியைப் போதகர் ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். கிரீட்டா அத்தை, "பூட்ட ஒடைக்கிறேன், கர்த்தர் கேட்டா ஃப்ளோரிஸ்தான் சொன்னான்னு சொல்லிக்கறேன்" என்கிறாள். பரவாயில்லை என்றேன்.

கடைக்காரர், அணைக்குக் கீழே இருக்கிற வீட்டுக்கு இனிக் கடிதம் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டார். அங்கே யாரும் இல்லை என்றேன். ஆகவே எழுதாதே.

உன் காப்பியை நானே குடித்துவிட்டேன். ஆறித்தான் இருந்தது.

*

ஜார்ஜ்
19 ஆகஸ்ட் 1995

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கடைக்காரர் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சன்னா கோயிலிலிருந்து போன் செய்தாள். நான்கு நாள் மழைக்குப் பிறகு வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் நீ சட்டியைத் தட்டிக்கொண்டே பாலத்துக்கு ஓடிவந்தாயாம். பிள்ளைகளைத் தோளில் தூக்கி மேட்டில் விட்டாயாம். கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாயாம், இருபத்து மூன்றும் வரும்வரை. "அப்புறம் மதகத் தெறந்து விட்டா கரைமேல பாரம் கொறையும், ஒரு மணி நேரம் தாங்கும்னு போனாரு. போவாதீங்கன்னு சட்டையப் புடிச்சேன். சட்ட மட்டும் எங் கையில இருக்கு" என்றாள்.

பத்து மணிக்குக் கரை போயிருக்கிறது. பாப்லர் வேர் இருந்த இடத்தில். வெள்ளம் பாலத்துக்குக் கீழே படுக்கவில்லை. தகரக் கொட்டகை ஒன்றுகூட இல்லை. எங்கள் பொறியாளரின் கணக்கு தவறு.

முதலாளிக்குப் போன் செய்து, தேட ஆள் அனுப்புங்கள் என்றேன். "யாரத் தேட? அங்க யாருமில்லன்னு நீதானேம்மா எழுதின" என்றார். குரலில் கோபமே இல்லை.

இன்று மதியம் காவல் நிலையத்திலிருந்து சார்ஜென்ட் கூப்பிட்டார். "ஒரு பொம்பள புருஷனக் காணோங்குது. பண்ணைக்காரர் கீழ யாரும் குடியில்லைங்கறார். படிவத்துலயும் பூஜ்யம்தான் இருக்கு. கையெழுத்து உங்களது. சேத்துல எறங்கித் தேட என்கிட்ட நாலு பேர்தான், மேடம், மேல ஊர்ல வேற ஆளுங்களக் காணோம். நீங்க சொல்லுங்க, பூஜ்யமா, ஒண்ணா?"

படிவத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். காலை வரை நேரம் கேட்டேன். படிவம் என் முன்னால்தான் இருக்கிறது.

நீ எங்காவது ஒரு மேட்டில் ஏறியிருப்பாய். உனக்கு அந்தப் பக்கமெல்லாம் தெரியும். மதகு வரை போயிருக்கவே மாட்டாய். கோபத்தில் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறாய், என்னைப் போலவே.

கடைக்குப் போய் ஒரு போன் செய், அண்ணா. திட்டு. சொல்லாமலே வைத்துவிடு, உன் மூச்சு எனக்குத் தெரியும். காலைக்குள் செய்துவிட்டால், நான் பூஜ்யம் என்றே சொல்லிவிடலாம்.

லேனா